பிறகு சொல்லப்படும் பொருள்

அத்தியாயம் 14

பேஸ்பால் அணிகள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்வதற்கான கெடு முடியும் நாள் அது. காலையில் கிளெம் பாரின் வாசல் கதவில் நார்பர்ட் ஓர் அட்டையை ஒட்டினார். 'உள்ளே அரசியல் பேசலாம். மதம் பேசலாம். ஆரோயோவை விற்பதைப் பற்றிப் பேசக் கூடாது.'

முதல் காபி ஆறுவதற்குள் பாரில் எல்லோரும் அதை மட்டும்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

முந்தைய வாரங்களைத் தவறவிட்டவர்களுக்கு இவ்வளவு தெரிந்தால் போதும். மில்வாக்கியின் தெற்குப் பக்கத்தில் தன் அப்பா கிளெம் ஆரம்பித்த பாரை, வருகிற திங்கட்கிழமை மகன் கர்ட் பெயருக்கு எழுதிவைப்பது என்று நார்பர்ட் முடிவு செய்துவிட்டார். கிளெம் மூத்த மகனுக்குக் கொடுத்தார். நார்பர்ட்டும் மூத்த மகனுக்குக் கொடுக்கிறார். கர்ட்டுக்கு அது வேண்டாம். அவனும் மனைவி ஜோனும் வடக்கே டுலூத் நகரத்தில் வீடு பார்த்துவிட்டார்கள். அவர்கள் கார் கொட்டகையில் சாமான்கள் பெட்டிகளில் கட்டிக் கிடக்கின்றன. அதை அப்பாவிடம் சொல்லத்தான் அவனுக்கு வாய் வரவில்லை.

தங்கை டெஸ்ஸுக்கு அந்த பார் வேண்டும். அவள் வாய்விட்டே சொல்லிவிட்டாள். நார்பர்ட் சிரித்துவிட்டு, அவளுக்கு ஒரு தட்டு சீஸ் பொரித்துக் கொடுத்தார்.

அன்றைக்கு டெஸ் ஆஸ்பத்திரி எக்ஸ்ரே வேலைக்கு லீவு போட்டிருந்தாள். கூடவே டெக்லனும் வந்தான். அக்டோபரில் அவளைக் கட்டிக்கொள்ளப் போகிறவன். நல்ல பையன். ஆனால் சிகாகோக்காரன், நம் அணிக்குப் பரம எதிரி ஊர்.

நம் அணி அப்போது முதலிடத்திலும் இல்லை, கடைசி இடத்திலும் இல்லை. சண்டை போட இதைவிடத் தோதான இடம் கிடையாது. நியூயார்க்கிலிருந்து லூகாஸ் ஆரோயோவைக் கேட்டிருந்தார்கள். பதினோரு வருடமாக நம்முடைய மூன்றாம் பேஸை, மைதானத்தின் மூன்றாவது முனையை, காத்து நிற்கிறவர். பதிலுக்குப் பந்து வீசுகிற இரண்டு இளம் பிட்ச்சர்களைத் தருகிறார்களாம். ஒருவனுக்கு இன்னும் மீசை முளைக்கவில்லை என்று கேள்வி.

கொடுத்துவிடலாம் என்றார் ஹார்வ். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். கவுண்டரின் முதல் ஸ்டூல் அவருடையது. ஆரோயோவின் வலது முழங்கால் தன் முழங்காலைவிட மோசம் என்பது அவர் வாதம். தன் முழங்காலை எடுத்துக் காட்டவும் தயாராக இருந்தார்.

நார்பர்ட் மறுத்தார். மழையிலும் பனியிலும் நமக்காக நின்ற ஆளை முழங்காலைப் பார்த்து விற்பது மனுஷத்தன்மை இல்லை என்றார். கண்ணாடித் தம்ளரைத் துடைத்துக்கொண்டே சொன்னார். அந்தத் தம்ளர் எப்போதோ சுத்தமாகிவிட்டது.

டெக்லன் அடக்கமாகத் தொண்டையைச் செருமினான். ஆரோயோவை வைத்துக்கொள்வதுதான் சரி என்று தனக்கும் படுவதாகச் சொன்னான்.

நார்பர்ட் தம்ளரைக் கீழே வைத்தார்.

"ஒரு சிகாகோக்காரன் என் பக்கம் பேசறான்னா, நான் எங்கயோ தப்பு பண்றேன்னு அர்த்தம்."

"இல்ல சார், நெஜமாவே..."

"நீ எதிர்ப் பக்கம் பேசு தம்பி. எனக்கு அதுதான் வசதி."

எதிர்ப் பக்கத்தை டெஸ் பேசினாள். கீழ் அணியில் ஒரு பையன் மூன்று வருடமாகப் பந்தை அடித்து நொறுக்கிக்கொண்டிருக்கிறான், அவனுக்கு இடம் எப்போது என்று கேட்டாள். ஆரோயோ இருக்கிறவரை அவன் பஸ்ஸிலேயே ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருக்க வேண்டியதுதானா?

"அவனுக்கும் நேரம் வரும்மா," என்றார் நார்பர்ட்.

"எப்பப்பா? அவன் முழங்காலும் போனப்புறமா?"

ஹார்வ் தன் பீரைக் கவனித்துக் குடித்தார். அவள் எந்தப் பையனைச் சொல்கிறாள் என்று பாரில் எல்லோருக்கும் தெரியும். ஆறு வருடமாக வெள்ளியும் சனியும் இரவில் கவுண்டருக்குப் பின்னால் நிற்பவள் அவள். வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்கு வருகிற கூட்டத்தில் பாதிப்பேர் அவள் கலக்குகிற பிராந்திக்காக வருகிறவர்கள்.

நார்பர்ட்டுக்கும் தெரியும். அதனால்தான் குரலை உயர்த்தினார்.

"கேட்டுக்கங்க எல்லாரும். ஆரோயோ மூணாம் பேஸ்ல நிக்கிற வரைக்கும் நான் இந்தக் கவுண்டர்ல நிப்பேன். திங்கட்கிழமை கர்ட்டுக்கு எழுதறது வெறும் பேருக்குத்தான். அவர அனுப்பினாங்கன்னா அன்னிக்கே நான் ஏப்ரனக் கழட்டிடறேன். அப்புறம் யாரு வேணா எடுத்துக்கட்டும்."

மூலை மேஜையில் மார்லீன் ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நார்பர்ட்டின் மனைவி. காலையிலிருந்து ஏதோ பின்னிக்கொண்டிருந்தாள். நீலமும் மஞ்சளும். நம் அணியின் நிறம்.

"யாரு வேணாவா?" என்று மட்டும் கேட்டாள்.

"யாரு வேணா."

"சரி. கேட்டுக்கிட்டேன்."

---

மூன்று மணிக்கு கர்ட் வந்தான். பீர் லாரியை வாசலில் நிறுத்திவிட்டு, சீருடையோடு வந்து மூலை மேஜையில் உட்கார்ந்தான். இனி குடும்பத்தின் சந்தை.

இது இந்த வீட்டு வழக்கம். பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது மைதானத்தில் ஓரச் சீட்டுக்கு அடித்துக்கொண்டார்கள். அணிகள் ஆள் மாற்றிக்கொள்கிற நாளில் நீங்களும் மாற்றிக்கொள்ளுங்கள் என்று நார்பர்ட் ஒரு விதி போட்டார். அன்றிலிருந்து வருடா வருடம் கெடு நாளில் எல்லாம் கை மாறும். சீட்டு, ஏரிக்கரை வீட்டு முறை, பனி அள்ளுகிற முறை, நன்றித் திருநாளுக்கு வான்கோழி அறுக்கிற உரிமை. கமிஷனர் மார்லீன். அணிகளின் கெடு முடிகிற அதே ஐந்து மணிக்கு அவள் பாரின் பித்தளை மணியை அடிப்பாள். அடித்த பிறகு அடுத்த ஜூலைவரை எதையும் மாற்ற முடியாது.

விதிக்கு ஒருமுறைதான் சோதனை வந்தது. பன்னிரண்டு வயது கர்ட் தன் சைக்கிளைக் கொடுத்து டெஸ் வளர்த்த ஹாம்ஸ்டர் எலியை வாங்கினான். ஹாம்ஸ்டர் அன்று ராத்திரியே செத்தது. கர்ட் அழுதான். நார்பர்ட் அவனைத் தூக்கி மடியில் வைத்து, கண்ணைத் துடைத்து, அஞ்சு மணி அடிச்சா அடிச்சதுதான் என்று சொல்லி இறக்கிவிட்டார்.

இந்த வருடம் வியாபாரம் சுமாராக ஆரம்பித்தது. தோட்டத்துத் தக்காளியில் பாதியைக் கொடுத்து, கர்ட்டிடமிருந்து செப்டம்பர் மாதத்து ஓரச் சீட்டை நார்பர்ட் வாங்கினார். டெக்லனுக்கு இதுதான் முதல் சந்தை. கொடுக்கத் தன்னிடம் ஒரு கயாக் படகு இருப்பதாகச் சொன்னான். படகு வேண்டாம் என்றார் நார்பர்ட். கல்யாணத்தன்று சிகாகோ தொப்பி ஒன்றுகூட இந்த ஊர் எல்லைக்குள் வரக் கூடாது, பதிலுக்கு பாரின் பின்பக்கம் கார் நிறுத்திக்கொள்ளலாம் என்றார். டெக்லன் யோசித்தான். தன் அப்பாவின் தொப்பிக்குத் தான் பொறுப்பேற்க முடியாது என்றான். கார் இடம் பாதியாகக் குறைக்கப்பட்டது. இனி அவன் ஸ்கூட்டர் வாங்க வேண்டும்.

பிறகு டெஸ் பேசினாள்.

"கமிஷனர். எனக்கு ஒரு பாக்கி இருக்கு."

கர்ட் நிமிர்ந்தான்.

அணிகள் ஆள் மாற்றும்போது சில சமயம் கணக்கு நேராகாது. அப்போது 'பிறகு பெயர் சொல்லப்படும் ஓர் ஆட்டக்காரர்' என்று ஒரு வார்த்தை சேர்ப்பார்கள். யார் என்பதைப் பின்னால் முடிவு செய்துகொள்ளலாம். இந்த வீட்டிலும் அது உண்டு. போன வருடம் கர்ட்டின் மாமனார் வீட்டார் கும்பலாக வந்தபோது, டெஸ் தன் ஏரிக்கரை வாரத்தை அவனுக்கு விட்டுக்கொடுத்தாள். பதிலுக்கு அவன் பனி தள்ளும் இயந்திரத்தையும், பிறகு சொல்லப்படும் ஒரு பொருளையும் தந்தான். இயந்திரம் டிசம்பரிலேயே ரிப்பேர். பொருளை அவள் இன்னும் கேட்கவில்லை. இன்றைக்கு மணி அடித்தால் அந்த உரிமை போய்விடும்.

"சொல்லு," என்றாள் மார்லீன்.

"இந்த பார்."

தொலைக்காட்சியில் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. நம் அணி சான் டியேகோவில் ஆடிக்கொண்டிருந்தது. அங்கே நல்ல வெயில்.

நார்பர்ட் சிரிக்கப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பார் இன்னும் கர்ட்டுடையது ஆகவில்லை, இல்லாததை அவன் எப்படிக் கொடுப்பான் என்று கேட்டார்.

மார்லீன் ஒரு வரிசை பின்னி முடித்தாள். கர்ட்டுக்கு வரப்போவதை கர்ட் கொடுக்கலாம், ஆனால் இப்போதைய சொந்தக்காரரும் சம்மதிக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னாள்.

"நான் சம்மதம்," என்றான் கர்ட்.

கொஞ்சம் சீக்கிரமாகவே சொல்லிவிட்டான். சொன்ன பிறகு மேஜையில் இல்லாத ஒரு கறையைத் தேய்த்தான்.

"நான் சம்மதம் இல்ல," என்றார் நார்பர்ட்.

டெஸ் கெஞ்சவில்லை. சமையலறைக் கூரையைப் பிரித்து மறுபடி போட வேண்டும், வியாழக்கிழமைகளில் இளசுகளை வரவைக்க வேண்டும், மீன் வறுவலைத் தொடவே மாட்டேன் என்று வரிசையாகச் சொன்னாள். ஆஸ்பத்திரி வேலையை விடத் தயார் என்றாள். கடைசியாகக் குரல் கொஞ்சம் இறங்கியது.

"ஏம்ப்பா, நான் நல்லா நிக்கலையா?"

"நல்லாத்தான் நிக்கிற."

"அப்புறம்?"

நார்பர்ட், எங்க அப்பா எனக்கு அப்படித்தான் கொடுத்தார் என்று ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டு, சாசேஜ் கருகுகிறது என்று அடுப்பங்கரைக்குப் போனார். சாசேஜ் எதுவும் கருகவில்லை.

டெக்லன் அவள் தோளில் கை வைத்தான். அவள் கையைத் தட்டவும் இல்லை, பிடிக்கவும் இல்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

---

ஐந்துக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. ஹார்வ் கூப்பிட்டார்.

"நார்ப். இங்க வாயேன்."

அவர் குரலில் கிண்டல் இல்லை. நார்பர்ட் கரண்டியோடு வந்தார்.

தொலைக்காட்சியில் மூன்றாம் பேஸில் யாரோ ஒரு பையன் நின்றுகொண்டிருந்தான். ஆரோயோ இல்லை. ஆட்டத்தின் நடுவில் எடுத்துவிட்டார்கள்.

காமிரா பெஞ்சுக்குப் போனது. ஆரோயோ அங்கே நின்றுகொண்டிருந்தார். கையுறையைக் கழற்றினார். பக்கத்தில் இருந்தவரைக் கட்டிப்பிடித்தார். பிறகு அடுத்தவரை. பயிற்சியாளர் அவர் முதுகில் தட்டினார். ஆரோயோ சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தார்.

பேஸ்பால் பார்க்கிறவர்களுக்கு இதற்கு அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. கெடு நாளில், ஆட்டத்தின் நடுவில், காயமில்லாத ஆளை எடுத்து, எல்லோரும் கட்டிப்பிடித்தால் ஒன்றுதான். ஆளை விற்றாகிவிட்டது.

விற்கச் சொன்ன ஹார்வ் தொப்பியைக் கழற்றிக் கவுண்டரில் வைத்தார். தான் அதை அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை என்றார்.

நார்பர்ட் கரண்டியைக் கீழே வைத்தார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் முடிச்சை அவிழ்த்தார். ஏப்ரனைத் தலைவழியாக எடுத்தார். நாலாக மடித்துக் கவுண்டரில் வைத்து, கையால் ஒருமுறை நீவினார்.

"பதினோரு வருஷம்," என்றார்.

பிறகு டெஸ்ஸைப் பார்த்தார்.

"எடுத்துக்கம்மா. சொன்னா சொன்னதுதான்."

அவள் எடுக்கவில்லை. அப்பாவின் முகம் அப்படி இருக்கும்போது எப்படி எடுப்பது? ஒரு நாள் முழுக்கக் கேட்டது கையெட்டும் தூரத்தில் கிடந்தது. அவள் இந்த மாதிரி வேண்டாம்ப்பா, நாளைக்குப் பேசலாம் என்றாள்.

"நாளைக்குக் கெடு இல்ல," என்றாள் மார்லீன். ஊசியை நிறுத்தியிருந்தாள். "சொந்தக்காரர் சம்மதமா?"

"சம்மதம்."

"டெஸ்?"

டெஸ் அம்மாவைப் பார்த்தாள். மார்லீன் முகத்தில் ஒன்றும் இல்லை. முப்பத்தொன்பது வருடக் குடும்பத்தில் பழகிய முகம் அது.

"சம்மதம்," என்றாள் டெஸ். ஏப்ரனை எடுத்துக் கட்டிக்கொண்டாள். கயிறு அவள் இடுப்பை இரண்டு சுற்றுச் சுற்றியது.

மார்லீன் எழுந்தாள். பின்னலைக் கைப்பைக்குள் போட்டாள். கவுண்டரைச் சுற்றிப் போய், கடிகார முள் நேராக வரும்வரை காத்திருந்தாள். மணியை அடித்தாள்.

நார்பர்ட் தனக்கு ஒரு பிராந்தி ஊற்றக் கையை நீட்டினார். தான் இப்போது கவுண்டருக்குள் நிற்கக் கூடாது என்று ஞாபகம் வந்து வெளியே வந்தார். ஹார்வ் அவருக்கு ஸ்டூலை நகர்த்திப் போட்டார்.

அப்போது தொலைக்காட்சியில் வர்ணனையாளர் குறுக்கிட்டார். மில்வாக்கி ரசிகர்கள் மூச்சு விடலாம் என்றார். ஆரோயோ எங்கும் போகவில்லை. அவர் மனைவியை மில்வாக்கியில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், முதல் குழந்தை, மூன்று வாரம் முன்னதாகவே அவசரப்படுகிறது. விமானம் காத்திருக்கிறது. கெடு முடிந்துவிட்டது. ஆரோயோ நம்மவர்.

பார் ஒரே சத்தமானது. நார்பர்ட் ஹார்வை நெற்றியில் முத்தமிட்டார். டெக்லனையும் முத்தமிட்டார். பிறகு யாரை முத்தமிட்டோம் என்று பார்த்து வாயைத் துடைத்துக்கொண்டார். எல்லோருக்கும் பீர் தன் செலவு என்று அறிவித்தார். கவுண்டருக்குள் நுழையப் போனார்.

டெஸ் வழியில் நின்றாள். ஏப்ரனோடு.

நார்பர்ட் நின்றார்.

"அதக் குடும்மா."

டெஸ் அம்மாவைப் பார்த்தாள்.

"மணி அடிச்சாச்சு நார்ப்," என்றாள் மார்லீன்.

"அது தப்பா நெனச்சு சொன்னது. ஊருக்கே தெரியும். அவர விக்கவே இல்லையே."

"நீ விதியில 'தப்பா நெனச்சா செல்லாது'ன்னு போடலயே."

நார்பர்ட் சுற்றிலும் பார்த்தார். ஹார்வ் தன் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். டெக்லன் கூரையைப் பார்த்தான். கடைசியாக நார்பர்ட் மகனிடம் வந்தார்.

"டேய். நீயாவது சொல்லு. நியாயமா இது?"

கர்ட் சிறிது நேரம் யோசித்தான். யோசிப்பதில் அவனுக்கு ஒரு சந்தோஷம் இருந்தது.

"ஹாம்ஸ்டர், அப்பா," என்றான்.

அதற்கு மேல் வழக்கு இல்லை.

மார்லீன் கைப்பையைத் திறந்து பின்னலை வெளியே எடுத்தாள். கடைசி முடிச்சைப் போட்டு நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். இரண்டு சின்ன காலுறைகளைக் கவுண்டரில் வைத்தாள். நீலமும் மஞ்சளும். ஒவ்வொன்றும் கட்டைவிரல் நீளம்.

நார்பர்ட் அவற்றைப் பார்த்தார். நம் அணியில் யாருக்குக் குழந்தை பிறந்தாலும் மார்லீன் ஒரு ஜோடி பின்னி மைதானத்துக்கு அனுப்புவாள். இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். காலையிலிருந்து எல்லோர் கண் முன்னாலும்தான் பின்னினாள்.

"உனக்குத் தெரியுமா?"

"போன மாசம் மைதானத்துல அந்தப் பொண்ணப் பாத்தேன். நல்ல வயிறு."

"அப்ப அவர் கட்டிப்பிடிச்சப்பவே..."

"அப்படி இருக்கும்னு தோணிச்சு."

"சொல்லியிருக்கலாமே மார்லீன்."

"கமிஷனர் யாரு பக்கமும் பேசக் கூடாது," என்றாள் மார்லீன். "அதுவும் நீ போட்ட விதிதான்."

நார்பர்ட் சிரிக்க ஆரம்பித்தார். அவருக்கே பிடிக்காமல்தான் வந்தது. வந்த பிறகு நிற்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, தொப்பை குலுங்க, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். கவுண்டருக்கு இந்தப் பக்கம் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

டெஸ் அவருக்கு ஒரு பீர் பிடித்து வைத்தாள். நுரை பாதி வந்துவிட்டது.

"நுர ஜாஸ்தி," என்றார் நார்பர்ட்.

"பிடிக்கலைன்னா எதிர்க் கடைக்குப் போங்க."

அவர் குடித்தார். பாதியில் நிறுத்தி, திங்கட்கிழமை வக்கீலிடம் பத்து மணிக்குப் போக வேண்டும், தாமதமாக வராதே என்றார். டெஸ் திரும்பி நின்றுகொண்டு, ஏற்கெனவே சுத்தமாக இருந்த ஒரு தம்ளரை வெகு நேரம் துடைத்தாள்.

சாப்பாட்டு நேரக் கூட்டம் வர ஆரம்பித்தது. வாசல் அட்டையை யாரோ கிழித்துக் கொண்டுவந்து கவுண்டரில் வைத்தார்கள். நார்பர்ட்டுக்குச் செய்வதற்கு ஒன்றும் இல்லை. கவுண்டருக்குப் பின்னால் இருந்தவரை எல்லோரையும் நேருக்கு நேர்தான் பார்த்திருந்தார். இப்போது பக்கவாட்டில் பார்க்கக் கிடைத்தது. இரண்டு ஸ்டூல் தள்ளி கர்ட் உட்கார்ந்திருந்தான். சொத்தை இழந்தவன் மாதிரி இல்லை. பல் வலி நின்றவன் மாதிரி இருந்தான்.

நார்பர்ட் தன் தம்ளரை எடுத்துக்கொண்டு அவன் பக்கத்துக்கு நகர்ந்தார்.

"டேய் கர்ட். அவ கேட்டதும் எப்படிடா அவ்வளவு சீக்கிரம் சம்மதிச்ச?"

கர்ட் பதில் சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள் கவுண்டரில் கிடந்த அவன் போன் வெளிச்சமானது. ஜோனிடமிருந்து ஒரே வரி.

'அப்பாகிட்ட டுலூத் பத்தி சொல்லிட்டியா?'

அவன் கையால் மறைத்தான். நார்பர்ட் அதற்கு முன்பே மூக்குக் கண்ணாடியைப் போட்டிருந்தார்.